மேல வீடு யாருக்கு?

அத்தியாயம் 3

நாகலக்ஷ்மி மாமி இரும்பு ஏணியின் கடைசிப் படிவரை ஏறித் தலையை உள்ளே நீட்டியபோது, பனியன் போட்ட ஓர் ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாரிசெல்வி?" என்றாள் மாமி.

"என்னப் பாத்தா அப்படியா தெரியுது?" என்றார் அவர், வாயில் நுரையோடு.

மாமி வந்த வழியே இறங்கினாள். போனில் தெளிவாகத்தான் கேட்டிருந்தாள்: 'குழாய்க்கு மேல, மூணாவது வாசல்.' குழாய் இருந்தது. குழாய்க்கு மேலே ஏணி இருந்தது. ஏணிக்கு மேலே பல் தேய்க்கிற மனிதர் இருந்தார். மூணாவது வாசலைத்தான் காணோம்.

கீழே ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பைசான் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஜூலை மழை அவனுடைய ஹெல்மெட்டில் தாளம் போட்டது.

"என்ன மாமி, தாராவியில எத்தன மாடி அனுமதியில்லாம ஏத்திருக்கானுவன்னு எண்ணுதீங்களா? ரிட்டயர் ஆனப்புறமும் கை அரிக்குதோ?"

"உங்க ஏரியாவுல ஒழுங்கா விலாசம் சொல்லத் தெரிஞ்சவா ஒருத்தரும் கிடையாது" என்றாள் மாமி. என்ன விலாசம் சொன்னார்கள் என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

முதல் இரண்டு அத்தியாயங்களை ரயிலில் தொலைத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாகலக்ஷ்மி மாமி மாட்டுங்காவில் பிறந்து மாட்டுங்காவிலேயே வளர்ந்தவள். முப்பத்து நாலு வருஷம் கட்டட அனுமதி ஆபீசில் குப்பை கொட்டியவள். எந்த மனையை எத்தனை கூறு போடலாம், எந்தத் தெருவில் கடை வரலாம், எங்கே வீடு மட்டும்தான், எந்தச் சுவர் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற மறுநாளே, சாப்பாட்டு மேஜையில் ஒரு போர்டு வைத்துத் துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். கொலை, கொள்ளை எடுப்பதில்லை. மனை, வீடு, எல்லைத் தகராறு மட்டும்.

பைசான் அவளுடைய உதவியாளன். முப்பத்து நாலு வயது, தாராவிப் பிறவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மணிக்கணக்கில் தமிழ் பேசுவான். படிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான், ஏனென்றால் பள்ளிக்கூடம் ஹிந்தி மீடியம். மாமி அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

"மேடம்! இங்க! இங்க வாங்க!"

குழாய்க்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக இருந்த மூன்றாவது வாசலிலிருந்து ஒரு பெண் கையாட்டினாள். அவள்தான் மாரிசெல்வி. ஐம்பத்திரண்டு வயது. கழுத்தில் இஞ்ச் டேப். பின்னால் ஆறு தையல் மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடின. தரை முழுக்க ஸ்கூல் பைகள் குவிந்து கிடந்தன.

உள்ளே நுழையும்போது கூரைத் தண்ணீர் பைசானின் சட்டைக் காலருக்குள் சரியாக இறங்கியது.

"யா அல்லா! அக்கா, உங்க வீட்டுக் கூர ஆளப் பாத்து ஊத்துமா?"

"அது அப்பா காலத்துலருந்து அந்த இடத்துலதான் ஊத்துது. தெரிஞ்சவங்க ஒதுங்கி வருவாங்க" என்றாள் மாரிசெல்வி. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மேடம், இன்னைக்கு நாலு மணிக்கு ஹியரிங். இதோட கடைசி. அப்புறம் லிஸ்ட்ட மாத்த மாட்டாங்களாம்."

மாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து சொல்லு. கட்டடத்தையும் சேர்த்துச் சொல்லு."

விஷயம் இதுதான். மாரிசெல்வியின் அப்பா இசக்கிதுரை தோல் பட்டறைத் தொழிலாளி. நீளவாட்டில் ஒரு வீடு கட்டி, நடுவில் ஒரு சுவர் எழுப்பி, 1993இல் மகனுக்கும் மகளுக்கும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் பாகம் பிரித்து எழுதினார். எந்தப் பாதி யாருக்கு என்று வாயால் சொல்லவில்லை, மகளும் கேட்டுக்கொள்ளவில்லை. மகன் கணேசபாண்டியன் அம்பர்நாத்தில் பேக்டரி வேலை கிடைத்துப் போய்விட்டார். சாவியைத் தங்கையிடமே கொடுத்துவிட்டார். தங்கை நடுச்சுவரை எடுத்து, கீழே முழுவதையும் பட்டறையாக்கி, 2009இல் ஒரு பக்கம் மாடி போட்டு, ராத்தூக்கத்துக்கு அங்கே ஏறிக்கொண்டாள்.

இப்போது குடிசைகளை இடித்துக் கட்டடம் கட்டப்போகிறார்கள். சர்வே நடந்தது, பட்டியல் வந்தது. தரைத்தளம் வைத்திருப்பவருக்கு அதே இடத்தில் வீடும் கடையும். மேல்தளம் வைத்திருப்பவருக்கு ஊருக்கு வெளியே எங்கோ ஒரு வாடகை வீடு, அதுவும் வீடு மட்டும். பட்டியலில், தரைத்தளம் முழுவதும் கணேசபாண்டியன் பெயரில் இருந்தது. அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் வானமாமலை என்ற புரோக்கருக்கு. மேல்தளம் மாரிசெல்வி பெயரில்.

"அந்த வாடக வீட்டுல மெஷின் ஓட்டக்கூடாதாம் மேடம். நான் எங்க தைப்பேன்? இவங்க ஆறு பேரும் எங்க போவாங்க?"

மெஷின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குடிசைக்கு முனிசிபாலிட்டி குடுத்த போட்டோ பாஸ், கரண்ட் பில்?"

"எல்லாம் அப்பா பேர்ல, ஒரே நம்பர். ரெண்டா பிரிச்சுக் காட்டுறது அந்த ஸ்டாம்ப் பேப்பர் ஒண்ணுதான். அதோட ஜெராக்ஸத்தான் வானமாமலை அண்ணாச்சி ஆபீஸ்ல குடுத்துருக்காரு, மராட்டியில மாத்தி."

மாமி ஜெராக்ஸை வாங்கினாள். இசக்கிதுரையின் உருண்டை எழுத்து: 'என் மகள் மாரிசெல்விக்கு மேல வீடும், என் மகன் கணேசபாண்டியனுக்குக் கீழ வீடும் பாத்தியம்.' அதோடு பின் குத்தியிருந்த மராத்தி மொழிபெயர்ப்பில் முத்திரையோடு ஒரு வரி: மகளுக்கு 'வர்ச்சா மாளா'. அதாவது மேல்மாடி.

"மாடி உனக்கு, தரை அண்ணாவுக்குன்னு உன் தோப்பனாரே எழுதியிருக்காரே" என்றாள் மாமி.

"ஆபீஸ்லயும் அதத்தான் சொல்லுதாங்க. ஊபர்வாலா, மாடிதான் உனக்குங்காங்க. ஆனா அப்ப ஏது மேடம் மாடி? ஒரு பரண் இருந்துச்சு. பழைய சாக்கும் பசை டின்னும் போட்டு வைப்போம். அந்தப் பரணத்தான் அப்பா எனக்கு எழுதி வச்சாருங்காரு அண்ணாச்சி." மாரிசெல்வி இஞ்ச் டேப்பைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள். "வீடு போறது ஒரு பக்கம். ஒரு வாரமா எனக்கு இதான் நெனப்பு. அண்ணனுக்கு வீட்டக் குடுத்துட்டு, மகளுக்குப் பரணக் குடுப்பாரா ஒரு மனுஷன்?"

பைசான் குவியலிலிருந்து சரிந்த ஒரு பையை எடுத்து அடுக்கினான்.

மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் அந்தப் பழைய ஆபீஸ் மினுமினுப்பு வந்துவிட்டது. "இல்லாத மாடியை ஒருத்தர் எப்படி எழுதி வைப்பார்? யாரோ கை வச்சிருக்கா. ஜெராக்ஸ்ல வார்த்தையை மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை. அசல் எங்கே?"

"ரெண்டு காப்பி எழுதினாரு. ஒண்ணு அண்ணன்ட்ட. அத அண்ணாச்சி வாங்கிட்டாரு. இன்னொண்ணு சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரஹ்மத்துல்லா மாமாகிட்ட. செம்பூர்ல இருக்காரு."

"உனக்கு ஒண்ணு குடுக்கலையா?"

"எனக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா மேடம். நான் முனிசிபாலிட்டி மராட்டி ஸ்கூல்."

மாமி பைசானைப் பார்த்தாள். பைசான் கூரையைப் பார்த்தான்.

மணி பன்னிரண்டு ஐந்து. ஸ்கூட்டர் சயான் சிக்னலில் நின்றபோது மாமி பின்சீட்டில் இருந்தபடியே அம்பர்நாத்துக்குப் போன் போட்டாள். கணேசபாண்டியன் எடுத்தார். பின்னணியில் ஏதோ இயந்திரம் உறுமியது.

"உங்க பங்கு எது சார்?"

"கீழ வீடு என்னுது. மேல வீடு தங்கச்சிக்கு. அப்பா அப்படித்தானம்மா எழுதி வச்சாவ! என் பங்க மட்டும் பாத்துக்கிடச் சொல்லித்தான் அண்ணாச்சிக்கிட்ட கையெழுத்துப் போட்டேன். ஏம்மா, தங்கச்சிக்கு ஏதும்..."

சிக்னல் விழுந்தது, லைன் அறுந்தது. மாமி போனைப் பைக்குள் போட்டாள். "அண்ணாவும் கூட்டுதான்" என்று பைசானின் முதுகிடம் சொன்னாள்.

"என்னது?" என்றான் பைசான். ஹெல்மெட்டுக்குள் மழைச் சத்தம் தவிர அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"தங்கை வாயிலே மண்ணைப் போடறதுக்கு அண்ணாவும் கூட்டு!"

"மண்ணா? ரோடு பூரா அதான மாமி கெடக்கு! நல்லாப் புடிச்சுக்கிடுங்க, குழி வருது!"

செம்பூரில் ரஹ்மத்துல்லா வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. இந்தத் தடவை பைசானே விலாசம் கேட்டான். எண்பது வயதுப் பெரியவர், காது கூர்மை, முழங்கால் மட்டும் மக்கர். வந்த காரணத்தைச் சொன்னதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"அக்தர்! அந்தக் குக்கர எடு!"

அக்தர் பானு சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பழைய பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

"பாய், நாங்க சாப்பிட வரலை" என்றாள் மாமி.

"சாப்பாடு இல்லம்மா, டாகுமெண்டு" என்றார் ரஹ்மத்துல்லா. "பம்பாய் மழைக்கு வேற எதுலயும் பேப்பர் தாங்காது. இதுல ரப்பர் இருக்கு பாருங்க, ஒரு சொட்டு ஏறாது. எங்க கல்யாணப் பத்திரம், பிள்ளைங்க சர்ட்டிபிகேட்டு, எல்லாம் இதுக்குள்ளதான்."

"விசில் வந்தா எடுத்துக்கலாமா மாமா?" என்றான் பைசான்.

மூடி திறந்தது. பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டைகள் இவற்றுக்கு அடியில், நாலாக மடித்த ஸ்டாம்ப் பேப்பர் இருந்தது. மாமி அதை ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்தாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மை ஒரே நிறம், எழுத்து ஒரே கை.

'என் மகள் மாரிசெல்விக்கு மேல வீடும், என் மகன் கணேசபாண்டியனுக்குக் கீழ வீடும்...'

மாமி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்து நாலு வருஷ சர்வீசில் ஆயிரம் கள்ளப் பத்திரம் பார்த்தவளுக்கு, இது நல்ல பத்திரம் என்று தெரிந்ததுதான் பெரிய அடி. அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தாள்.

"போச்சுடா பைசான். ஒரு எழுத்து மாறலை. ஒருத்தரும் கை வைக்கலை. மாடிதான் அவளுக்கு."

"மாடியா?" என்றார் ரஹ்மத்துல்லா. "எந்த மாடி?"

"நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாடி."

"நான் எந்த மாடிக்கும் கையெழுத்துப் போடலையேம்மா! அன்னைக்கு அந்தச் சந்துல எவன் வீட்டுலயும் மாடி கிடையாது."

"நானும் பாக்கேன் குடுங்க" என்று பைசான் கையை நீட்டினான்.

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு மணி ஆயிடும்."

"பரவால்ல, வண்டி எங்கிட்டதான இருக்கு." அவன் பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்தான். விரலை வைத்து நகர்த்தினான். "மா... ரி... மாரிசெல்... விக்கு... மே... ல... மேல... வீ... டு. மேல வீடு." நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். "மாமி, இதுல மாடின்னு எங்க எழுதிருக்கு?"

"அதான் படிச்சியே. மேல வீடு."

"ஆமா, மேல வீடு. அக்காவோடது மேல வீடுதான. அவங்க அண்ணனோடது கீழ வீடு. கரெக்டாத்தான எழுதிருக்காரு! இதுல என்ன லோச்சா, என்ன கோளாறு?"

"மேலேன்னா மாடிடா, மண்டு!"

சமையலறைப் பக்கமிருந்து அக்தர் பானுவின் சிரிப்பு கிளம்பியது. டீ கிளாசுகள் தட்டில் குலுங்கின.

"எம்மா, நீங்க எந்த ஊரு?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மேலன்னா மேக்க. கீழன்னா கெழக்க. எங்க ஊர்ல மேலத்தெருன்னா என்ன, ஆகாசத்துலயா தெரு போட்ருக்கான்?"

மாமிக்கு முதலில் ஏணி நினைவு வந்தது. குழாய்க்கு மேல, மூணாவது வாசல். குழாய்க்கு மேற்கே, மூன்றாவது வாசல். அடுத்து, அம்பர்நாத்துக்குப் போட்ட போன் நினைவு வந்தது. அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார், இவள் அவரைத் திருடனாக்கிவிட்டாள். கடைசியாக, காலையிலிருந்து தான் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் 'மாடி, மாடி' என்று மொழிபெயர்த்தே சொன்னது நினைவு வந்தது. மராத்தியில் மொழிபெயர்த்தவருக்காவது முத்திரை இருந்தது, தனக்கு அதுகூட இல்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீங்க அந்த வார்த்தைய ஒரு தடவ அப்படியே வாசிச்சிருந்தீங்கன்னா நான் அங்கயே சொல்லிருப்பேன்" என்றான் பைசான் பெருந்தன்மையாக. "படிக்கத் தெரிஞ்சவங்கள நம்பினா இப்படித்தான்."

"வாயை மூடு. இதை ஆபீஸ்ல யார் நம்புவா? ஹியரிங் எடுக்கிற மேடம் மராத்தி. நான் மேற்குன்னா, அந்த வானமாமலை மாடிம்பான். முத்திரை அவன் பக்கம்." மாமி பேப்பரை வாங்கித் திருப்பினாள். அப்படியே நின்றாள். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது. இடம் போதாமல் இசக்கிதுரை தொடர்ந்திருந்தார். ஜெராக்ஸில் இந்தப் பக்கமே இல்லை.

அவள் வாய்க்குள் படித்தாள். பாதியில் புன்னகை வந்தது. கடைசி வரியில் ஏனோ கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தாள்.

"பைசான், அந்தப் புரோக்கருக்கு எந்த ஊர்?"

"வானமாமலை அண்ணாச்சியா? நாங்குநேரிப் பக்கம். வாயத் தொறந்தாலே தெரியும்."

"அந்த வாயைத்தான் திறக்க வைக்கணும். அவன் நம்பர் உங்கிட்ட இருக்கா?"

நாலு மணிக்கு மாட்டுங்காவில் சர்வே ஆபீசில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மேஜைக்குப் பின்னால் பாவ்ஸ்கர் மேடம். கெடுபிடியான ஆள், ஆனால் நியாயமானவர் என்று பெயர். ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையில் வானமாமலை. கையில் இரண்டு போன், முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் சிரிப்பு. மறுபக்கம் மாரிசெல்வி, மாமி, கைத்தடியோடு ரஹ்மத்துல்லா. பைசானைக் காணோம். பேச்செல்லாம் ஹிந்தியில் நடந்தது. வாசகர்களுக்கு நானே தமிழில் தருகிறேன், முத்திரை கேட்காதீர்கள்.

"பத்திரம் தெளிவாக இருக்கிறது" என்றார் பாவ்ஸ்கர். "மேல்தளம் மகளுக்கு. ஆட்சேபணை என்ன?"

"ஆட்சேபணையே இல்லை மேடம்" என்றார் வானமாமலை. "தகப்பனார் ஆசையை நிறைவேற்றுகிறேன், அவ்வளவுதான்."

மாரிசெல்வி உதட்டைக் கடித்தாள். மாமி குக்கரிலிருந்து வந்த அசலை மேஜையில் வைத்தாள். "பின்பக்கத்தைப் பாருங்கள் மேடம். இவர் கொடுத்த நகலில் இந்தப் பக்கம் இல்லை."

"ஜெராக்ஸ் கடைக்காரன் மறந்திருப்பான்" என்றார் வானமாமலை. சிரிப்பு கொஞ்சம் இறுகியது.

"இருக்கும். இதில் எழுதியிருப்பது: கீழ வீட்டுக் கூரைத் தண்ணீர் அந்தப் பக்கச் சாக்கடையிலும், மேல வீட்டுக் கூரைத் தண்ணீர் இந்தப் பக்கச் சாக்கடையிலும் விழ வேண்டும். மேடம், நீங்கள் எத்தனை கட்டடம் பார்த்திருப்பீர்கள்! ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருந்தால், கீழே இருப்பதற்குத் தனியாகக் கூரை ஏது? தண்ணீர் எங்கிருந்து விழும்?"

பாவ்ஸ்கர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வீடு. இவர்கள் ஊர்த் தமிழில் 'மேல' என்றால் மேற்கு."

"எல்லாம் இந்த அம்மா கட்டுகிற கதை!" வானமாமலை எழுந்தே விட்டார். "நானும் தமிழன்தான் மேடம். 'மேல' என்றால் மேலே. ஊபர்! வேறு அர்த்தமே கிடையாது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்."

மாமி மடியிலிருந்த போனில் ஒரு பொத்தானைத் தட்டினாள். அரை நிமிஷத்தில் வானமாமலையின் இடதுகைப் போன் அலறியது. வெட்டினார். மறுபடி அலறியது. மறுபடி வெட்டினார். வலதுகைப் போன் அலறியது. புரோக்கராகப் பிறந்த மனுஷன் எத்தனை தடவைதான் வெட்டுவார்? 'ஒரு நிமிஷம் மேடம்' என்று விரலைக் காட்டிவிட்டு எடுத்தார். போன் பேசுவது அவருக்கு எப்போதும் சந்தை இரைச்சலுக்கு நடுவில் பேசுகிற மாதிரிதான். அறையே கேட்டது.

"ஆமா, வானமாமலைதான். என்னது, மூணு ரூமா? இன்னைக்கேவா? தரையா மாடியா? தரையா! வேற எவன்ட்டயும் பேசிராதீய. நேரா ஆபீசுக்கு வாங்க. புள்ளையார் கோயில் தெரியும்லா? கோயிலுக்கு மேல, நாலாவது கட. ஆமா, மேல. நாலாவது!"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அறையில் தமிழ் தெரிந்த மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஹ்மத்துல்லா தாடிக்குள் சிரித்தார்.

"மேடம்" என்றாள் மாமி, தேனாக. "இவர் இப்போது வாடிக்கையாளரிடம் சொன்ன ஆபீஸ் விலாசத்தை ஹிந்தியில் சொல்லச் சொல்லுங்கள்."

"சொல்லுங்கள்" என்றார் பாவ்ஸ்கர்.

"கணேஷ் மந்திர் கே ஊப்..." வானமாமலை நின்றார். தொண்டையைச் செருமினார். "மந்திர் பக்கத்தில் மேடம்."

"பக்கத்தில் என்று சொல்லவில்லை. கோயிலுக்கு 'மேல' என்றார், இரண்டு தடவை. 'மேல' என்றால் ஊபர், வேறு அர்த்தமே கிடையாது என்று இப்போதுதான் சொன்னார். அப்படியென்றால் கோயில் கூரைமேல் வரிசையாக நாலு கடை இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் கட்டட அனுமதியில் இருந்தவள் சொல்கிறேன் மேடம், அது சட்டவிரோதக் கட்டுமானம். இன்றைக்கே நோட்டீஸ் விட வேண்டும்."

ஓரத்தில் நின்ற பியூன் சிரித்துவிட்டார். பாவ்ஸ்கர் சிரிக்கவில்லை. "வானமாமலை, உங்கள் கடை கோயில் தலையில் இருக்கிறதா, இல்லை வேறு எங்காவதா? யோசித்துச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்ளப் போகிறேன்."

வானமாமலை இடதுகைப் போனைப் பார்த்தார். வலதுகைப் போனைப் பார்த்தார். இரண்டும் உதவிக்கு வரவில்லை.

"பஸ்சிம்" என்றார், கேட்கிறதோ இல்லையோ என்கிற குரலில். மேற்கு.

பாவ்ஸ்கர் எழுதினார். மேல்தளம் என்ற சொல்லை அடித்தார், பக்கத்தில் 'தரைத்தளம், மேற்குப் பாகம், வீடும் தொழிலும்' என்று எழுதி முத்திரை குத்தினார். கிழக்குப் பாகம் அண்ணன் பெயரில் நின்றது. புரோக்கருக்குக் கொடுத்த அதிகாரம் தொடர்கிறதா என்று கணேசபாண்டியனே நேரில் வந்து சொல்லட்டும் என்றார். பின்பக்கம் இல்லாத ஜெராக்ஸ் பற்றி வானமாமலை எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னார்.

வாசல் படிக்கட்டில் பைசான் போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மூணு ரூம் விக்கப் போற சேட் குரல் எப்படி இருந்துச்சு மாமி?"

"நன்னா இருந்தது" என்றாள் மாமி. அவளிடமிருந்து அந்த வார்த்தை வருவது வருஷத்துக்கு ஒருமுறைதான். பைசான் துடைத்த போனையே இன்னொரு தடவை துடைத்தான்.

மழை விட்டிருந்தது. மாரிசெல்வி முத்திரை போட்ட தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தாளின் தலைகால் தெரியவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. "மேடம், அந்தப் பின்பக்கத்துல வேற என்ன எழுதிருக்கு? அப்பா எழுத்த இதுவரைக்கும் யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டுனதில்ல."

"ஒரு வரி பாக்கி இருக்கு" என்றாள் மாமி. "அந்தாள் வாயைத் திறக்கலேன்னா அங்கே படிக்கலாம்னு வச்சிருந்தேன். நல்லவேளை, தேவைப்படலை. அது ஆபீஸ்ல படிக்கிற வரி இல்லை." பேப்பரைப் பைசானிடம் நீட்டினாள். "நீ படி. நான் படிச்சா வேற எதையாவது சொல்லிடுவேன்."

பைசான் விரலை வைத்தான். இந்தத் தடவை அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மேல... வீட்டில்... சாயங்... காலம்... வரைக்கும்... வெளிச்சம்... இருக்கும். மகள்... தையல்... வேலை... செய்கிற... படியால்... அதை... அவளுக்கு... வைத்தேன்."

மாரிசெல்வி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். மூடிய தலைப்புக்குள்ளேயே சிரிக்கவும் செய்தாள். ரஹ்மத்துல்லா அவள் தலையில் கை வைத்தார்.

"பரண் இல்ல" என்றாள் அவள்.

"பரண் இல்லக்கா" என்றான் பைசான்.

அவள் முகத்தைத் துடைத்தாள். மேற்கே பார்த்தாள். மேகம் விலகி, எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிகளில் வெயில் அடித்தது. மணி ஐந்தேகால்.

"நான் கெளம்புதேன் மேடம்" என்றாள் அவசரமாக. "இப்பப் போனா, வெளிச்சம் இருக்கதுக்குள்ள ரெண்டு பை தச்சிருவேன்."